வாயை மட்டும் அசை

மூன்று வருடங்களுக்கு முன், ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது இது. வாரம் முழுக்க எனக்குத் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், நாட்டுப்புறப் பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

பத்துப் பிள்ளைகள், ஒரு நடவுப் பாட்டு. முதலில் நான் முழுப் பாட்டையும் பாடிக் காட்டுவேன். பிறகு அவர்கள் கையைக் கட்டி வரிசையாக நின்று, தாளைப் பார்த்து வரி வரியாகப் பாட வேண்டும். ஒருவர் தப்பு விட்டாலும் எல்லோரும் முதலிலிருந்து பாட வேண்டும். ஐந்து வாரம் ஆகியும் இரண்டாவது சரணத்தைத் தாண்டவில்லை. அவர்களுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது.

அதில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. மலாய்ப் பள்ளியில் படிப்பவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மற்றவர்கள் வரியை முடிக்கும்போது இவள் பாதியில் நிற்பாள். ஒருநாள் எனக்குத் தலைவலி வேறு. "நீ சத்தம் போடாதம்மா. வாய மட்டும் அசை, போதும்லா" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்று நினைத்தேன். இப்போது அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் பயிற்சி முடிந்ததும், நாற்காலிகளை அடுக்கச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது உள்ளே பாட்டுக் கேட்டது. கதவோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக நின்றவள் அந்தச் சிறுமி. ஒவ்வொரு நாற்காலியைக் கொடுக்கும்போதும் அவள் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிக்கொண்டே அடுத்த வரியைப் பாடினார்கள். தாள் யார் கையிலும் இல்லை. மூன்றாவது சரணம், நான்காவது சரணம் என்று கடைசி வரை போய்விட்டார்கள். வேலை செய்துகொண்டே பாட வேண்டிய பாட்டைக் கையைக் கட்டி நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த என் புத்தியை என்னவென்று சொல்வது!

சந்தோஷமாக உள்ளே போனேன். அவள் என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. சத்தம் மட்டும் நின்றுவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிறாளாம்.

அங்கேயே உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"டீச்சர் தப்பா சொல்லிட்டேன்மா. நீ பாடு."

"நான் தப்பு விட்டா எல்லாரும் முதல்லேருந்து பாடணுமே டீச்சர். அவங்களுக்குக் கால் வலிக்கும்லா" என்றாள்.

அன்றே தாள்களைக் கிழித்துப் போட்டேன். மறுவாரத்திலிருந்து குனிந்து நாற்று நடுவது போலக் கை வீசியே பாடினோம். போட்டியில் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பத்துக் குரலும் கேட்டது.

வகுப்பு இன்றும் நடக்கிறது, என் அலுப்பும் அப்படியேதான் இருக்கிறது. அவள் இப்போது நன்றாகவே பாடுகிறாள். ஆனாலும் வாயைத் திறக்கும் முன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எவ்வளவு களைத்திருந்தாலும் அந்த ஒரு நொடிக்காக நான் என் முகத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்கிறேன்.