கீழவீதிச் சுவரில் தொங்கிய படங்கள்

சென்ற மாதம் என் மறைந்த மனைவியின் காகிதங்களைச் சிதம்பரத்தில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தேன். தகரப் பெட்டியைத் திறந்ததும் மேலே உப்பனாற்றுப் படகுகள், அவள் தீட்டிய நீர்வண்ணப் படம். அதற்கடியில் இருந்ததையெல்லாம் புரட்டிய பெண் அலுவலர், “சார், மேடம் வரைஞ்சது கொஞ்சந்தான் இருக்கு. மீதியெல்லாம் புள்ளைங்க படமா இருக்கே?” என்றார். “அதையும் வச்சுக்குங்கம்மா. அவங்க வேலையே அதுதான்” என்றேன்.

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அவள் ஓவிய ஆசிரியை; நான் நெல்லிக்குப்பத்தில் ஆலைக் குமாஸ்தா. மாணவி போட்ட கோட்டின்மேல் அவள் பென்சிலே வைக்கமாட்டாள். திருத்தத்தைத் தனித்தாளில் வரைந்து காட்டுவாள். “அது அவ கண்ணால பாத்தது. அதுல நான் கை வைக்கக் கூடாது” என்பாள். ஒரு வருடம் தாளாளர் ஓவிய வகுப்பை நிறுத்தி, அந்த நேரத்தைத் தையலுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆண்டு விழாவில் படங்களைப் பெற்றோருக்குக் காட்டவாவது அனுமதி கேட்டாள். அதுவும் கிடைக்கவில்லை. “வேலை போனா போவட்டும். இதுங்க வரைஞ்சத அவுங்க அப்பா அம்மா பாக்காம விடமாட்டேன்” என்றாள்.

தாளாளரைப் பகைத்துக்கொண்டு முதுநகரில் யார் இடம் தருவார்கள்? சிதம்பரம் கீழவீதியில் அவள் அண்ணன் வீட்டுக்கு நீளமான சுற்றுச்சுவர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் நெடுகிலும் கொடிக்கயிறு கட்டி, படங்களைக் குண்டூசி குத்தித் தொங்கவிட்டோம். கடலூர் பாசஞ்சர் வந்தபிறகுதான் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். ஜவுளிக்கடை பாய், மகள் வரைந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டார். துணிக்கட்டுகளுக்கு நடுவே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பது அவர்தான்.

“நானு இவ்ளோ அலுப்பாவா இருக்கேன்?” என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

“சாயங்காலம் ஆனா அப்படித்தான் வாப்பா இருப்பீங்க.”

மறுநாள் அவரே பள்ளிக்குப் போய்த் தாளாளரைப் பார்த்தார். “தையல எங்க வூட்லயே சொல்லிக் குடுப்பாங்க சார். இத யாரு சொல்லிக் குடுப்பா? நிறுத்துனா எம்பொண்ண வேற பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன்” என்றார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். ஓவிய வகுப்பு நிலைத்தது. அவள் ஓய்வு பெறும்வரை அதில் யாரும் கை வைக்கவில்லை.

அந்த வாரமே தாளாளர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினார். “உங்க சம்சாரத்துக்குத் தைரியம் ரொம்ப ஜாஸ்தி. எல்லாம் நீங்க குடுக்கறதுதானே?”

ஆமாம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“இல்லீங்க” என்றேன். “நான் கயிறு மட்டுந்தான் கட்னேன்.”