ஆடிக் காற்றைக் கணக்கிடச் செம்பூர் போன கதை

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதம் மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறினேன். செங்கோட்டைப் பக்கம் வரவிருந்த காற்றாலைகளையும் நீர்மின் அணைகளையும் சேர்த்து இயக்கினால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகும் என்று பார்க்க ஒரு கணினிக் கணக்கு எழுதியிருந்தேன். (கார்பன் பற்றிய பேச்செல்லாம் அன்று எங்கள் அலுவலகத்தில் கிடையாது.) அதை ஓட்டுமளவு பெரிய கணினி எங்களிடம் இல்லை. செம்பூரில் ஒரு நிறுவனம் இரண்டு மணி நேரம் தந்தது: வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு முதல் நான்கு வரை. தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

மாட்டுங்காவில் அறை, நாளுக்கு இருபது ரூபாய். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு 640 துளை அட்டைகள் அடங்கிய பெட்டியோடு பஸ் ஏறினேன். ஒவ்வோர் அட்டையும் கணக்கின் ஒரு வரி. செம்பூர் எட்டு கிலோமீட்டர்தான். சாலையில் தண்ணீர் ஏறியதால் பஸ்ஸைத் தாராவிப் பக்கம் திருப்பினார்கள். அங்கேயும் தண்ணீர்; பஸ் நின்றுவிட்டது. "ஆகே நஹி ஜாயேகா" என்றார் கண்டக்டர்; இதற்கு மேல் போகாதாம். இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் வழுக்கி விழுந்தேன். அட்டைகள் சேற்றில்.

அழுகையே வந்துவிட்டது. எதிரிலிருந்த தோல்பைப் பட்டறையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார்.

"அக்கா, எழும்புங்க. அழாதிய, எல்லாத்தையும் பொறுக்கிருவோம்."

பட்டறையை நடத்தும் பாத்திமா, செங்கோட்டைக்காரர். தைத்துக்கொண்டிருந்த நால்வரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒவ்வோர் அட்டையையும் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே பரப்பி, எண் வரிசையில் அடுக்கினோம்.

"இதுல என்னக்கா இருக்கு?"

"உங்க ஊர்க் காத்து. ஆடி மாசம் ஒரு நாளைக்கு எவ்வளவு வீசும்னு ஒரே ஒரு எண்."

"ஒரே எண்ணா? விடியக்காலம் காத்து அடங்கில்லா கெடக்கும்! மத்தியானத்துக்கு மேலதான் கூரை ஓட்டைப் பிச்சிட்டுப் போவும்."

நான் முழு நாளையும் சராசரியாக்கியிருந்தேன்.

சயான் வரை நடந்து, ஆட்டோ பிடித்து, ஒன்றேகாலுக்குச் செம்பூர் சேர்ந்தேன். கெட்டுப்போன பன்னிரண்டு அட்டைகளுக்குப் பதில் புதியவற்றை அங்கேயே துளையிட்டேன். முதல் ஓட்டம் மூன்று மணிக்கு முடிந்தது. மிச்ச நேரத்தில், பாத்திமா சொன்னபடி ஒரு நாளை நான்கு வேளையாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். காற்று வீசும் மதியத்தில் அணைத் தண்ணீரைச் சேமித்து, விடியற்காலைக்கு வைத்திருக்க வேண்டும் என்றது இரண்டாவது முடிவு. நிலக்கரி மிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இது நம்பக்கூடிய மிச்சம். முதல் கணக்கின்படி போயிருந்தால் விடியற்காலைகளில் ஊர் இருட்டில் கிடந்திருக்கும்.

மழைக்காலத்தில் பம்பாய் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். காகிதம் எதுவானாலும் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். உதவ வருகிறவர் ஏதாவது கேட்டால், அவசரத்திலும் நின்று பதில் சொல்லுங்கள்.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் பாத்திமாவின் பெயரை முதலில் எழுதினேன். "இவர் எந்த அலுவலகம்?" என்று கேட்டார் மேலதிகாரி.

"செங்கோட்டை" என்றேன்.