ஜன்னலில் வைத்த சீசா

என் அண்ணி நொயெலினைப் பற்றி எங்கள் ஊர் எல்பூரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் கால்களைத்தான் சொல்வார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மஃபாத்தில் பிறந்தவள். அங்கே இன்றைக்கும் வண்டிப் பாதை கிடையாது; அரிசி மூட்டைகூட ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்கும். பள்ளிக்கூடம் போகவர மூன்று மணி நேரம் மலை ஏறி இறங்கிய பிள்ளை அவள். இருபது வயதில் என் அண்ணன் க்ளோவிஸைக் கட்டிக்கொண்டு கணவாய் தாண்டி எங்கள் சலாஸிப் பள்ளத்தாக்குக்கு நடந்தே வந்தாள், கல்யாணச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அண்ணன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். இருபத்துநாலு வருஷமாக அவன் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறான்.

அவர்களுக்கு நீர்க்கீரைத் தொழில். ஓடைத் தண்ணீரைப் பாத்திகளில் திருப்பிவிட்டு, முழங்கால் ஆழத்தில் நின்று, கட்டுக் கட்டாக அறுத்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அதை முடித்துவிட்டு அண்ணி மலையேறுவாள். வருஷா வருஷம் அக்டோபரில் எங்கள் தீவைக் குறுக்கே வெட்டிப் போகிற ஓட்டம் இருக்கிறதே, ஒரு கடற்கரையில் புறப்பட்டு மலையெல்லாம் ஏறி இறங்கி எதிர்க் கடற்கரையில் முடிகிற ஓட்டம், அதில் ஆறு முறை ஓடியிருக்கிறாள். ஆறு முறையும் கடைசிவரை போய்ச் சேர்ந்தாள். எங்கள் ஊரில் ஒருவருடைய உத்தியோகத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

போன டிசம்பரில் பெய்த மழையில் பாத்தியெல்லாம் சேறாகிவிட்டது. அண்ணியின் பூட்ஸ் கிழிந்திருந்தது, குதிகாலில் வெடிப்பு இருந்தது. காய்ச்சல் வந்தபோது, "கொசுக் காய்ச்சல்தான், படு" என்று சொல்லி மூலிகைத் தண்ணீர் கொடுத்தவள் நான்தான். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றுவிட்டது. எலிக்காய்ச்சல்; எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து அந்த வெடிப்பு வழியாக ஏறியிருக்கிறது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இயந்திரம் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தது.

உயிரோடு திரும்பினாள். ஆனால் வீட்டுக்கு வந்தவள் வேறு யாரோ. அண்ணன் அவளைப் பாத்தியில் இறங்க விடவில்லை. களை மண்டிப் பாத்தி பாழாய்ப் போனது. தெருவில் எல்லாரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"எனக்குச் சிறுநீரகம்தான் கெட்டுச்சு லிசெட், காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் என்னிடம். "தண்ணிலயும் இறங்கக் கூடாது, மலையும் ஏறக் கூடாதுன்னா நான் என்ன, கூடையில அடுக்கி வச்ச சௌசௌவா?"

நோய்க்கு முன்பே அவள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஓட ஆள் எடுக்கிற குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. அன்றைக்குத்தான் நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

டாக்டரம்மா ஒரேயடியாக மறுக்கவில்லை. "நடங்க. கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. வலி மாத்திரை மட்டும் கூடவே கூடாது. ஒவ்வொரு நீள நடைக்கப்புறமும் சிறுநீரைக் கண்ணாடிப் பாத்திரத்துல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. தேத்தண்ணி நிறத்துல வந்தா அன்னைக்கே என்கிட்ட வரணும். ஓட்டத்துக்குப் போகலாமா வேணாமான்னு செப்டம்பர்ல ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்."

கண்ணாடிப் பாத்திரத்துக்கு எங்கே போவது? அண்ணி என் ஊறுகாய்ச் சீசாவை எடுத்துக்கொண்டாள். நான் காய்கறி ஊறுகாய் போட்டு அருவிப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விற்கிறவள். "இத்தனை சீசா கழுவி வச்சிருக்கேன், அதுல போய் இதையா?" என்று கத்தினேன். "உன் ஊறுகாயை விட இது சுத்தம்டி," என்றாள். நிறம் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. அண்ணன் முதல் நாள் சீசாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம். எனக்கோ மஞ்சள்தான் பிழைப்பு; ஊறுகாய்க்கு நானே இடிக்கிறவள். எந்த மஞ்சளிலும் என்னை ஏமாற்ற முடியாது என்று மார்தட்டிக்கொண்டேன்.

மே மாதம் தேவாலயம் வரை நடந்தாள். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். ஜூனில் ஊருக்கு மேலே இருக்கிற பெலூவ் ஏற்றத்தில் பாதி. அவள் முன்பு நாற்பது நிமிஷத்தில் ஏறிய இடம். இப்போது பெட்டிக்கடைக்காரியும் அவள் நாயும் அவளைத் தாண்டிப் போனார்கள். "என்ன அண்ணி, நாய்க்கு வழி விட்டீங்களா?" என்றேன். அழுதுவிட்டாள். நான் கேலி செய்திருக்கக் கூடாது. மறுநாள் மறுபடி போனாள். ஜூலையில் மலைமுகடு வரை. ஒவ்வொரு நாளும் சமையலறை ஜன்னலில் சீசா வெயிலில் நிற்கும். எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தால் நான் தலையாட்டுவேன்; அண்ணன் அப்புறம்தான் சோற்றில் கை வைப்பான். எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சீசாவை விட்டால் வேறு உலகம் இல்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை கணவாய் ஏறி, மஃபாத்துக்குள் இறங்கி, அன்றே திரும்பி வந்தாள். ஒன்பது மணி நேரம். படியேறும்போதே பாடிக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்று அண்டை வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "வந்துட்டாடி மஃபாத்துக்காரி!" என்று கூவினேன். சீசா ஜன்னலுக்கு வந்தது. நல்ல மஞ்சள். அண்ணன் எனக்கு ஒரு விரல் ரம் ஊற்றிக்கூடக் கொடுத்தான்.

அரை மணி கழித்துப் பாத்திரம் கழுவப் போனபோது சீசாவின் அடியைப் பார்த்தேன். மெல்லிய கோடு மாதிரி பொடி படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. சாய்த்தேன், பொடி மெதுவாக நகர்ந்தது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நானே காயவைத்து இடித்த மஞ்சள் தூள்.

திரும்பினால் அண்ணி கதவருகே நிற்கிறாள்.

"நெசமா என்ன நிறத்துல வந்துச்சு?" என்றேன்.

"கொஞ்சம் கருப்பு. நாளைக்குச் சரியாயிடும்."

"கொஞ்சம்னா? தேத்தண்ணியா, காப்பியா?"

என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "லிசெட், உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா இந்த முற்றத்தை விட்டு என்னை வெளிய விடமாட்டாரு. சாகற வரைக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. அதுக்குள்ள தெளியலன்னா நானே டாக்டர்கிட்ட போறேன். சத்தியம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. படியேறும்போது அவள் பாடிய பாட்டு இன்னும் என் காதில் இருந்தது. அதை நிறுத்துகிற பாவம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்: ஊர் முழுக்கப் பெருமை பேசி வைத்திருந்தேன். சீசாவைக் கவிழ்த்துக் கொட்டிக் கழுவி வைத்தேன்.

புதன் போனது. வியாழன் அவள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை முகம் வீங்கி, செருப்பு காலில் நுழையவில்லை. அப்போதுதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

மறுபடி அதே இயந்திரம். முழங்கால் வலிக்கு, கணவாய் உச்சியில் இரண்டு வலி மாத்திரை போட்டிருக்கிறாள். ஓட்டக்காரர்கள் எல்லாரும் மிட்டாய் மாதிரி பையில் வைத்திருப்பார்கள். இவளும் பழைய பழக்கத்தில் வாயில் போட்டுவிட்டாள். டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கேட்டார்: "முதல்ல கருப்பா வந்தது எந்த நாள்? அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் அண்ணி, கண்ணை மூடியபடியே. "நான்தான் தண்ணில மஞ்சள் கலந்து வச்சு ஏமாத்தினேன். இவளுக்குத் தெரியாது. பாவம், இவ கண்ணைக் குத்தம் சொல்லாதீங்க."

அண்ணன் என்னிடம் திரும்பினான். "மஞ்சள் இடிக்கிறவ நீ. உனக்குமா தெரியல?"

"தெரியல," என்றேன்.

பாதி சிறுநீரகம் மிச்சம். ஓட்டம் இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எந்த வருஷமும் இல்லை. அக்டோபரில் வானொலி நாள் முழுக்க யார் எந்தக் கணவாயில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணி அதை அணைக்கவில்லை. சௌசௌ தோல் சீவிக்கொண்டு கேட்டாள். மஃபாத்தின் பெயர் வந்தபோது கத்தி நின்றது, அவ்வளவுதான். மறு வாரம் அண்ணன் தொடை உயரப் புது பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வந்து, ஒன்றை அவள் முன்னால் வைத்தான். இருவரும் பாத்தியில் இறங்கிக் களை பிடுங்குகிறார்கள். அவன் கண் அவள் கால் மேலேயே இருக்கிறது.

விருந்துகளில் அண்ணன் என்னைக் கேலி பேசுவான். "எங்கூட ஒரு ஊறுகாய்க்காரி பொறந்திருக்கா பாருங்க, மஞ்சளைக் கண்டா மூத்திரம்பா, மூத்திரத்தைக் கண்டா மஞ்சள்பா." எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணி தலையைக் குனிந்து சோறு போடுவாள். நானும் சிரித்துக்கொள்வேன். அந்த மூன்று நாள் விஷயம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

சீசா இன்னும் தினமும் ஜன்னலுக்கு வருகிறது. நான் அதைத் தூக்கி வெயிலில் பார்த்து, பிறகு அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கிறேன். நேற்று அண்ணி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, இன்னும் என்னை நம்பலையா?"

"உங்கள நம்புறேன் அண்ணி. என்னத்தான் நம்பல."

அவள் வந்து என் கையிலிருந்த சீசாவை வாங்கி, தானே வெளிச்சத்தில் சாய்த்து எனக்குக் காட்டினாள்.