அக்காவுக்காக நான் சொன்ன பதில்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. என்றாலும் இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா சேவூரில் நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினார்கள். திருமணமாகிக் கலசப்பாக்கம் போனவர், கணவரை இழந்து இரண்டே ஆண்டில் திரும்பினார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர். பிறகு பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, ஒன்பது ஆண்டுகள் பார்த்ததும் அவரே. என் மனைவி விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவார். புடவையில் குறுக்கே ஓடும் ஊடை நூலை எனக்குத் தார்க் குச்சியில் சுற்றித் தந்ததும் அக்காதான். அது இல்லாவிட்டால் என் தறி அரை நாள்கூட ஓடாது.

நோயாளிகளை வீட்டில் யார் பார்க்கிறார்கள், அப்படிப் பார்ப்பவர்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத, பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். கேட்டது அக்காவிடம். தறியில் இருந்தபடி பதில் சொன்னது நான்.

“அக்கா வேலைக்கெல்லாம் போறதில்லீங்க. சும்மா வூட்லதான் இருக்காங்க. சீக்கு கீக்கு ஒண்ணும் கிடையாது.”

“அவங்களே சொல்லட்டுமேண்ணா” என்றார் மாணவி.

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி சொல்றதுதாம்மா” என்றார்.

அந்தப் பெண் மறுபடி வந்தபோது நான் ஆரணிக்குப் புடவை கொடுக்கப் போயிருந்தேன். திரும்பியதும் என்னை வாசலிலேயே நிறுத்தி, அக்கா சொல்லச் சொன்னதாக அந்த மாணவி சொன்னார். ஏழெட்டு மாதமாக மார்பில் கட்டி.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?”

“நீ தறியில குந்திகினு இருக்கற. இத எப்பிடிடா சொல்றது? பாவு முடியட்டும், போலாம்.”

தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலில் இன்னும் இரண்டு புடவை பாக்கி. ஏற்றிய பாவை நடுவில் விட்டுக் கிளம்புவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. நானும் சரி என்றேன். அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தால் அம்மாவை யார் பார்ப்பது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பாவு முடிந்து வேலூர் போனோம். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். ஏழு மாதம் இருந்தார் அக்கா. நினைவு தப்பும்வரை அம்மாவின் மாத்திரை நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியத்தன்று அத்தை, “பொண்ண காலேஜ்ல இருந்து நிறுத்திடுடா. அது பாத்துக்கும்” என்றார். என் மகள் தலைகுனிந்து நின்றாள்.

“எங்கம்மா தானே அத்தை. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வேலூருக்கும் வீட்டுக்கும் அலைந்த மைத்துனருக்கும், அந்த நாட்களில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த எதிர்வீட்டாருக்கும், அக்காவை உட்கார வைத்துப் பேசவிட்ட அந்த மாணவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது ஒரு புடவைக்கு இரண்டு மடங்கு நாளாகிறது. அம்மாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் மகள் வந்ததும், “அலுப்பா இருக்குதாப்பா?” என்று கேட்கிறாள். ஒன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட அக்காவிடம் நான் அதைக் கேட்டதில்லை.