இரண்டு தாள் நோட்டீஸ்

அன்று திண்டிவனம் தானிய ஆபீசின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். ஹெட் கிளார்க், டைப் அடிக்கிறவர், தபால் புத்தகம் கொண்டுவரும் பியூன், நான், என் மனைவி. ஐந்து என்று நிச்சயமாகச் சொல்வேன். யார் யார் எதிரில் என் மானம் போகப்போகிறது என்று எண்ணிக்கொண்டேதான் படி ஏறினேன்.

சண்டைக் காலத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தபோது சர்க்கார் திறந்த ஆபீஸ் அது. அதன் கிடங்கில் மூட்டை எடை போடுவது என் வேலை. தற்காலிகம்தான், சம்பளம் பதினெட்டு ரூபாய், பஞ்சப்படி பதினாலு. விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவேன். நாலரை வருஷம் அப்படி ஓடிற்று. சுதந்திரம் வந்து, கட்டுப்பாட்டை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட சமயத்தில், பியூன் கிடங்குக்கு வந்தார். எங்கள் நாலு பேருக்கும் இங்கிலீஷில் நோட்டீஸ். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற மூன்று பேரும் வாங்கினார்கள். வேலை போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு ஒற்றைத் தாள். வருஷம் அதிகமான எனக்கு மட்டும் இரண்டு தாள், மூலையில் குண்டூசி குத்தி.

இரண்டாம் தாளைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். போன ஐப்பசி மழையில் கிடங்குக் கூரை ஒழுகி இரண்டு மூட்டை அரிசி கெட்டுப்போனது. அதற்கான குற்றப்பத்திரிகைதான் இது, கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். "கை ஈரமா கீது, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்றேன். மறுநாள் மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்றாம் நாள் பியூன் தலை தெரிந்ததும் கக்கூஸ் பக்கம் போய்விட்டேன். நாலாம் நாள் ஞாயிறு. சோறு இறங்கவில்லை. என் மனைவி விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"தூக்குலயா போடப்போறாங்க? வாய்யா, நானே வந்து கேக்குறேன்" என்றாள். திங்கட்கிழமை இருவருமாக ரயிலேறினோம்.

எங்களைப் பார்த்ததும் பியூன், "வாப்பா, உன்னத் தேடித் தேடி என் செருப்பு தேஞ்சிபோச்சி. சம்சாரத்தக் காவலுக்குக் கூட்டிக்கினு வந்திருக்கியா?" என்றார்.

"காவலுக்கு இல்லீங்க. ஓடிப்போவாம புடிச்சிக்கினு வந்திருக்கேன்" என்றாள் இவள்.

ஹெட் கிளார்க் பென்சன் வாங்கியபின் சண்டைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். நனைந்த அரிசிக் கதையை முழுக்கக் கேட்டார்.

"கூரை ஒழுகினதுக்கு உன்னையா கேப்பாங்க? அது அப்பவே தீந்துபோச்சுப்பா" என்றவர், நோட்டீசை வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஆபீஸ் மூடப்படுகிறது, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு மாதம் வேலை, அதற்குமேல் இல்லை, என் வேலையில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்தேன்.

"போதும்யா, அவரு தொண்ட வத்திப்பூடும்" என்றாள் என் மனைவி.

இரண்டாம் தாள் ஒரு மனு. மூன்று வருஷத்துக்கு மேல் குறையில்லாமல் வேலை பார்த்தவர்களை வேறு இலாகாவுக்குச் சிபாரிசு செய்வார்களாம். அந்தப் பட்டியல் அன்று மூன்று மணித் தபாலில் கடலூருக்குப் போகிறது.

"இன்னிக்கும் நீ வரலேன்னா உன் பேர விட்டுட்டுத்தான் அனுப்பியிருப்பேன். வேற வழியில்ல" என்றார். நான் ஓடி ஒளிந்தது என் பிழைப்பைக் கண்டுதான்.

பேனாவைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: "எதுவரைக்கும் படிச்சே?"

"அஞ்சாவது பாதிங்க."

"பாதி ஏதுங்க? தீவாளி லீவுக்கு வந்தவரு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவலையாம். எங்க மாமியாரு சொல்லும்" என்றாள் என் மனைவி.

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். ஹெட் கிளார்க் சிரிக்காமல், 'தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், எடையில் தவறாதவர்' என்பதை இங்கிலீஷில் எழுதிப் படித்துச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது டைப் அடிக்கிறவர், "முன் தேதி போட்டுட்டா மத்தவங்களோட சேந்து முடிஞ்சிடும் சார்" என்றார்.

"அவன் இன்னிக்குத்தானே வாங்குறான்? இன்னைய தேதியே போடட்டும்" என்றார் ஹெட் கிளார்க்.

போட்டேன். கும்பிட்டுவிட்டு, "ஐயாவுக்கு எந்த எலாகாவுங்க?" என்றேன். மேஜை இழுப்பறையிலிருந்து தம்முடைய நோட்டீசை எடுத்துக் காட்டினார். ஒற்றைத் தாள்.

"பென்சன் வாங்கினவனுக்கு ரெண்டாந்தாள் கெடையாதுப்பா. நீ வண்டியப் பாரு."

தம் வேலையும் போகிற நேரத்தில் என் மனுவுக்கு அரை மணி நேரம் கொடுத்தார் அந்த மனிதர். மூன்று மாதம் கழித்து விழுப்புரத்திலேயே ஒரு சர்க்கார் ஸ்டோரில் எடை போடும் வேலை வந்தது. இந்தத் தடவை நிரந்தரம். இன்று நான் வாங்கும் பென்சனில் பாதி அவர் எழுத்து என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

மற்றவர்களுக்கு மாதம் முடிந்து, நாலு நாள் நான் மட்டும் கிடங்கைத் திறந்து மிச்ச மூட்டைகளை எடை போட்டேன். அதற்குச் சம்பளம் கேட்டு எழுதியபோது ஆபீஸே இல்லை. கடலூருக்கு இரண்டு மனுப் போட்டேன். மேலே அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு நல்லதுதான் நடந்தது. ஆனாலும் பாக்கி பாக்கிதான்: நாலு ரூபாய் நாலணா மூன்று தம்பிடி.