கண்ணனும் கரடியும் பன்னிரண்டு எழுத்தும்

“பொட்டி கட்டுறவரு பொண்ணுக்குக் கம்ப்யூட்டருல என்னா வேல? தள்ளி உக்காரும்மா” என்று கணக்குப்பிள்ளை சொன்னபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். தள்ளி உட்காரும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு சாண் மட்டும் நகர்ந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை அது. அப்பா பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குபவர். பள்ளி விட்டதும் அவர் சைக்கிளுக்காக அலுவலக அறையில் காத்திருப்பேன்.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணக்குப்பிள்ளை ஒரு பூஜை செய்வார். கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து ஒரு வரியை அடிப்பார். பொம்மைப் பெயரைப் பன்னிரண்டு எழுத்து அகலத்தில் காட்டு என்பதுதான் அந்த வரி. பிறகு ஆர்டரைக் கேட்டால் கருப்புத் திரையில் வரிசையாக வரும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும், நடுவில் விடும் இடமும் ஓர் எழுத்துக் கணக்கு. பன்னிரண்டாவது எழுத்தோடு எதுவானாலும் நறுக்கென்று நின்றுவிடும்.

“தவழும் க, அஞ்சு பொட்டி” என்று அவர் கத்துவார்.

“எந்த க-ங்க?” என்பார் கிடங்கிலிருந்து அப்பா.

“இருக்கறதத்தான படிக்க முடியும்?”

எங்கள் பட்டறையில் தவழும் கண்ணனும் உண்டு, தவழும் கரடியும் உண்டு. அப்படித்தான் கிருஷ்ண ஜெயந்திக்குச் சேத்தியாத்தோப்புக் கடைக்கு ஐந்து பெட்டி கரடி போய் இறங்கியது. “இன்னொரு வாட்டி மாறுச்சின்னா நீ வரவே வேணாம்” என்று முதலாளி அப்பாவிடம் சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளையை ஒன்றும் சொல்லவில்லை, அவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர்.

அடுத்த ஆர்டர் திட்டக்குடியிலிருந்து வந்தது. மறுபடியும் தவழும் க. வண்டி வாசலில் நின்றது. அப்பா இரண்டு பொம்மைகளையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை டீ குடிக்கப் போயிருந்தார்.

நான் நாற்காலியில் ஏறி அந்த வரியை அடித்தேன். பன்னிரண்டுக்குப் பதில் முந்நூறு. தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வரிகள் மடங்கி, பெயர் ஓரிடமும் பெட்டிக் கணக்கு வேறிடமுமாகத் திரை முழுவதும் சிதறியது. முப்பது என்று மாற்றினேன்.

“கரடிப்பா” என்று கத்தினேன்.

“நெஜமாவா?”

“முழுசா இருக்குதுப்பா.”

வண்டி சரியாகப் போனது. முதலாளியே வந்து திரையைப் பார்த்தார். “புள்ள பேர நீட்டிப்புடுச்சே” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். டீ குடித்து வந்த கணக்குப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் கரண்ட் போனது. வந்ததும் அவர் தொட்டு ஒற்றிக்கொண்டு, காகிதத்தைப் பார்த்துப் பன்னிரண்டு என்று அடித்தார். தவழும் க. நான் நீட்டிய எழுத்துகளையெல்லாம் கரண்ட் தின்றுவிட்டது என்று வழியெல்லாம் சைக்கிளில் அழுதேன். பெயர் உள்ளே எப்போதும் முழுதாகவே இருந்தது என்பதும், நான் மாற்றியது பார்க்கும் அகலத்தை மட்டும், அதுவும் கம்ப்யூட்டர் அணையும்வரைதான் என்பதும் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோதுதான் தெரிந்தது.

அப்பா இன்னும் அங்கேதான் பெட்டி கட்டுகிறார். போன வாரம் போயிருந்தேன். போட்டவுடன் அந்தப் பழைய கம்ப்யூட்டர் தானாகவே படித்துக்கொள்ளும் கோப்பில் அந்த வரியை முப்பது என்று எழுதி வைத்தேன். கணக்குப்பிள்ளை தாமாகவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சுவரில் இருந்த காகிதத்தை நான் ஏற்கெனவே கிழித்தாயிற்று.