கனகாம்பிகையின் பெருவிரல்

எண்பத்தெட்டில் தாவரவியல் ஆய்வுகூடத்துக்குப் போன முதல் நாளே நுணுக்குக்காட்டிக் கண்ணாடி ஒன்றை நொறுக்கிவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான். உதவியாளர் கனகாம்பிகை அக்கா விளக்குமாற்றோடு வந்தா.

“தம்பி பட்டம் வாங்க வந்தனீரோ, கண்ணாடி உடைக்க வந்தனீரோ?”

குளத்துப் பாசியொன்றின் விரல் நீள உயிர்க்கலத்துக்குள் துகள்கள் ஓயாமல் சுற்றி ஓடும். ஊசியால் தொட்டால் நின்றுவிடும். அழுத்தினால் திறக்கும் வாயில்கள் கலத்தின் மென்சவ்வில் இருக்கவேண்டும் என்றார் விரிவுரையாளர் தியாகலிங்கம் சேர். தொடாமலே அவற்றைத் திறந்து ஓட்டத்தை நிறுத்தலாமோ?

வழி கண்டது அக்கா. கொழும்புத்துறையில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் பட்டறையில் இரும்புத் தூள் பொறுக்கி, பட்டுத்துணியில் அரித்து, அடுப்படிச் சாமான் ஒன்றில் குழைத்துக் கலத்தில் ஒட்டினா. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்தா. ஓட்டம் நின்றது! எடுத்து ஆறேழு நிமிடத்தில் மெல்லத் தொடங்கியது. சண்டையால் கரண்ட் இல்லாமற்போன பிறகும், வெயிலைக் கண்ணாடியால் திருப்பி இருநூறு தரம் செய்தா.

தொண்ணூற்றிரண்டில் சேர் லண்டனுக்குப் புறப்பட்டார். அக்காவின் குறிப்புக் கொப்பியை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதிக் கொடுத்தது நான்தான்.

“அடுப்படிச் சாமானெண்டால் வெள்ளைக்காரர் சிரிப்பினம். பசையெண்டு மட்டும் போடும்,” என்றா அக்கா.

எழுதியவர் பெயருக்கு இடம் விட்டேன். அக்கா ஒரு துண்டில் தகப்பன் பெயரையும் சேர்த்து ‘கதிரவேலு கனகாம்பிகை’ என்று எழுதிச் சேரிடம் நீட்டினா.

“அப்பு பள்ளிக்கூட வாசல் மிதியாதவர், சேர். அவரின்ரை பேரும் ஒருக்கால் அச்சிலை வரட்டும்.”

“உம்மடை பேர்தான் முதல் வரும், கனகம்.”

அடுத்த வருசம் கட்டுரை வந்தது. தியாகலிங்கம் என்ற ஒரே பெயர். நன்றி சொன்ன இடத்தில் பட்டறைக்காரர்கூட இருந்தார். படத்தில் காந்தத்தைப் பிடித்தபடி, நகம் பிளந்த ஒரு பெருவிரல்.

அக்கா தன் பெருவிரலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. “விரலை வைச்சுக்கொண்டு ஆளை வெட்டிப்போட்டார்.” பிறகு என்னைப் பார்த்தா. “இடம் விட்டனீரே தம்பி, நீராவது எழுதியிருக்கலாமே?”



ஆறு மாதத்தால் சேர் எனக்குக் கடிதம் போட்டார். அங்கே தூள் ஒட்டுதில்லையாம். அது என்ன பசையென்று கேட்டு எழுதட்டாம்.

“பேரைத் திருத்தி அச்சடிக்கட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்,” என்றா அக்கா. அப்படியே எழுதினேன். பதில் வரவில்லை. அந்தச் சாமான் எனக்கும் தெரியும். அவருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன்.

சண்டையில் ஊரே வெளியேறிய தொண்ணூற்றைந்து ஐப்பசி இடப்பெயர்வோடு அக்கா தென்மராட்சிக்குப் போனா. இப்போது கொடிகாமத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறா. மலேரியாச் சோதனைக்கு இரத்தம் தடவிய கண்ணாடிகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறா.